மரக்காணத்தில் விரல் வாடகைக்குக் கிடைக்கும்

தைப்பிங்கில் முப்பத்தோரு ஆண்டுகள் மழை அளந்தவன் நான். மலேசிய அரசாங்கம் அதற்குச் சம்பளமும் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. எங்கே போனாலும் கிழமை, மணி, நிமிடம் போட்டுக் குறிப்பேடு எழுதுகிறேன். என் மனைவி அதை வியாதி என்கிறாள். அவளுடைய தம்பி மகள் பவானி அதைத் திறமை என்று சொன்னாள். ஆகவே பங்குனி வெயிலில் மரக்காணம் போய்ச் சேர்ந்தேன்.

பவானி டாக்டர், வீடு புதுச்சேரியில். ஓர் அறக்கட்டளையின் பணத்தில் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களுக்காக ஒரு சோதனைத் திட்டம் நடத்துகிறாள். காய்ச்சல் வந்தால் ஜனங்கள் நேராக மருந்துக் கடைக்குப் போய் ஏதோ நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வந்தது மலேரியாவா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரிவதில்லை. இதை மாற்றப் பவானி காசைக் காட்டினாள். மாத்திரைக்கு முன் விரலில் குத்தி ரத்தம் பார்த்துக்கொள்பவருக்கு நூறு ரூபாய் மளிகைக் கூப்பன். பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை விற்காத கடைக்காரருக்குத் தனியாக ஊக்கத்தொகை.

"பதிவேட்டை ஒரு தடவ சரிபார்த்துக் குடுங்க மாமா. சம்பளம் கெடையாது. மீன் கொழம்பு உண்டு" என்றாள் தொலைபேசியில். நான் மீன் குழம்புக்காகச் சம்மதித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

திங்கட்கிழமை காலை 9.10க்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன். "இந்த வண்டியின் ஹாரன் நிற்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள் ஒருத்தி. "எனக்கும். அப்போதுதான் டிரைவர் வேறு எதையோ யோசிக்கிறார்" என்றாள் மற்றவள். இருவரும் பொம்மையார்பாளையத்தில் உயிரோடு இறங்கினார்கள்.

என் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஓரிடத்தில் கண்டக்டர் "எறங்கு, எறங்கு, சீக்கிரம்!" என்று கத்தினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வெளிநாட்டுக்காரனாக நான் பெட்டியோடு இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் பலகையைப் படித்தேன்: அனுமந்தை. கண்டக்டர் இறங்கச் சொன்னது எனக்குப் பின்னால் நின்ற மீன்கூடைக்கார அம்மாளை. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எதுக்குபா எறங்கின?" என்று கேட்டார்.

அவரே ஒரு சரக்கு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்திக் கொடுத்தார். "பின்னாடி மீனோட ஒக்கார்றீங்களா, முன்னாடி ஐஸோட ஒக்கார்றீங்களா?" என்றார் டிரைவர். நான் ஐஸைத் தேர்ந்தெடுத்தேன். ஐஸ் உருகும் என்பதை மழை அளந்தவன் மறந்திருக்கக் கூடாது. 10.45க்கு மரக்காணத்தில் பவானியின் அலுவலக அறை முன்னால் இறங்கியபோது கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பவானி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கணம் யோசித்து அதன் மேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தாள்.

மத்தியானம் மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு. எங்கள் ஊர்ப் புளி மீன் குழம்பான அசாம் பெடாஸைவிடப் புளிப்பு குறைவு, காரம் கூட. ஆனால் உப்பு போதவில்லை. கேட்டேன். வேறு மாநிலத்தில் தயாரான பாக்கெட் உப்பைக் கொண்டுவந்து வைத்தார் பரிமாறியவர். ஜன்னலுக்கு வெளியே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, குவியல் குவியலாக உப்பு வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டீபனின் ஸ்கூட்டரில் உப்பளம் போனேன். ஸ்டீபன் பெருமுக்கல்லைச் சேர்ந்த இளைஞர். ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் அவர் வேலை. பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஒன்றரை அடி அகலம். அதில் ஸ்கூட்டர் ஓட்ட அவருக்குத் தெரியும். பின்னால் உட்கார எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சாய்ந்தோம். பரிசோதனைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றேன். "பொட்டி நனையலையே சார்?" என்றார் ஸ்டீபன். இரண்டு நாளில் இரண்டு கால்சட்டை.

உப்பளத்துப் பெண்களைப் பார்த்தால் முதலில் ஆள் அடையாளம் தெரியாது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றிய துணி. விடியுமுன்பே இறங்கி, நீளக் கம்பில் பொருத்திய மரப்பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை வாரி ஓரத்தில் சேர்க்கிறார்கள். இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை.

ஸ்டீபன் நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல நீட்டும் வெப்பமானியை எடுத்து என்மேல் பிரயோகித்தார். நூறைத் தாண்டிக் காட்டியது. "பாத்தீங்களா, ஒங்களுக்கும் காய்ச்சல். இந்த வெயில்ல பனமரத்துக்கும் காய்ச்சல்னுதான் காட்டும்" என்றார். திட்டம் ஆரம்பித்த முதல் வாரம் உப்பளமே கூப்பனுக்கு வரிசையில் நின்றதாம். பிறகு வெப்பமானியைப் பெட்டியில் வைத்துவிட்டு, நிஜமாகவே காய்ச்சல் உள்ளவர்கள் சாயங்காலம் அறைக்கு வந்தால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள்.

10.20க்கு ஓர் உப்புக் குவியலின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தலைக்கு மேல் சூரியன். அவள் மேல் மூன்று சாக்கு. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. வருஷம் முழுக்க நனையும் ஊரில் பிறந்தவன். யாரும் இப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

அவள் பெயர் மல்லிகா. முப்பது வயது இருக்கும். மழைக்காலத்தில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியவள். "ஒண்ணும் இல்ல சார். பித்தம்" என்றாள், வார்த்தைக்கு வார்த்தை நடுங்கிக்கொண்டு.

"போன வாரமே டெஸ்ட் எடுத்துட்டோம் சார். நெகட்டிவ்" என்றார் ஸ்டீபன்.

மேஸ்திரி வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் குவியலைப் பார்த்துப் பேசினார். "தோ பாரு மல்லிகா. ஜோடியில ஒருத்தி ஒக்காந்துட்டா இன்னொருத்தி சும்மா நிக்கறா. இது மூணாவது தடவ. இன்னொரு தடவ ஒக்காந்த, வேற ஆளப் போட்டுடுவேன். அப்பால சீசன் முடியற வரைக்கும் அவதான்."

அவள் தலையை ஆட்டினாளா, நடுங்கினாளா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை போனால், அதே மல்லிகா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முந்தி உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"நேத்து அப்படிக் கிடந்தீங்களே?" என்றேன்.

"அது நேத்து சார்" என்றாள்.

இந்தப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதும்போது கை நின்றது. எப்போதெல்லாம் இப்படி வந்தது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு, "எல்லாம் பத்து, பத்தரைக்கு" என்று சேர்த்துக்கொண்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அங்கே மலேரியாக் காய்ச்சலைக் கடிகாரத்தை வைத்தே அடையாளம் கண்டிருக்கிறார்கள். 'வியாழன், 10.30 வாக்கில், மல்லிகா' என்று எழுதினேன். தைப்பிங்கில் மத்தியானம் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டுவோம். அந்தப் புத்தி போகாமல் ஸ்டீபனிடம் ஒரு டீ பந்தயம் கட்டினேன். வெட்கத்தோடு இதையும் பதிவு செய்கிறேன்.

அன்று மத்தியானம் சுலைமான் பாயின் மருந்துக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாய்தான் சீட்டில்லாமல் மாத்திரை தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டவர். அதற்கு முன்பு காய்ச்சல் என்று யார் வந்தாலும், வெள்ளையில் இரண்டு மஞ்சளில் ஒன்று என்று 'செட்டு' மடித்துக் கொடுத்தவர். இப்போது அவரளவுக்குக் கண்டிப்பான அதிகாரி இந்தக் கடற்கரையில் இல்லை. கன்னம் எலுமிச்சம்பழம் போல வீங்கிய ஒருவர் வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டார்.

"சீட்டு?"

"பல்லு வலி பாய்! அதுக்கும் அதே மாத்தரதானே குடுப்ப?"

"அதேதான். அதனாலதான் சீட்டு கேக்கறேன்."

"பல்லுக்கு மலேரியா வருமா?"

"வராதுன்னு எழுதி வாங்கிட்டு வா, குடுத்துடறேன்."

வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார். "ஏன் பாய், பாவம் இல்லையா?" என்றேன். "பாவம்தான். ஆனா இன்னைக்கு ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே பல்லப் புடிச்சிக்கினு வரும். இன்ஷா அல்லா, பக்கத்து ஊரு கடையில அவரு வாங்கிடுவாரு" என்றார், துளிச் சலனமும் இல்லாமல்.

பக்கத்திலேயே ரேஷன் கடை. வரிசையில் உப்பளத்துப் பெண்கள். கைரேகை இயந்திரத்தில் விரலை வைக்கிறார்கள், அது சிவப்பு காட்டுகிறது; துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள், மறுபடி சிவப்பு. "வருஷக் கணக்கா உப்புத் தண்ணி சார், ரேகையெல்லாம் போயிடுச்சி. நான் யாருன்னு எனக்குத் தெரியுது, மெஷினுக்குத் தெரியல" என்று ஒருத்தி தன் விரல் நுனியைக் காட்டினாள். தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுப்பு. நடுவே நடுவே வெடிப்பு.

அறைக்குத் திரும்பியபோது பவானி அறக்கட்டளைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் இருந்ததால் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவர் ஆங்கிலத்தில் கேட்டது இது: "உங்கள் பதிவேட்டில் இத்தனை பரிசோதனை நடந்தும் ஒரு மலேரியாகூட இல்லையே? அங்கே காய்ச்சல் இருக்கிறதா, கூப்பன் மட்டும்தான் இருக்கிறதா?"

பவானி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சிரிக்காதீங்க மாமா." நான் சிரிக்கவில்லை. மல்லிகாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை 10.05க்கே உப்பளத்துக்குப் போய்விட்டேன். 10.35க்கு மல்லிகாவின் கையிலிருந்து பலகை நழுவியது. பந்தயம் ஜெயித்தேன். அந்த டீயை நான் கடைசி வரை குடிக்கவில்லை.

தூரத்தில் மேஸ்திரியின் குடை தெரிந்தது. உடனே பெண்களில் ஒருத்தி மல்லிகாவைக் குவியலின் மறுபக்கம் இழுத்துப் படுக்கவைத்தாள். இன்னொருத்தி கையில் கிடைத்த சாக்கையெல்லாம் அவள்மேல் போட்டாள். பார்ப்பதற்குச் சாக்கு மூட்டை மாதிரிதான் இருந்தது. ஆனால் நடுங்குகிற மூட்டை.

"மல்லிகா எங்க?" என்றார் மேஸ்திரி.

"ஒதுக்குப்புறமா போயிருக்குது."

"அது இன்னா, சாக்கு ஆடுது?"

"காத்து மேஸ்திரி."

காற்று ஒரு பொட்டுக்கூட இல்லை. குடையின் ஓரத்து நூல்கூட அசையவில்லை. மேஸ்திரி ஓரடி முன்னால் வைத்தார். அப்போது என்னை அறியாமல் நான் நடுவே புகுந்து, "ஐயா, இந்தப் பாத்திக்குத் தண்ணி விட்டா எத்தன நாள்ல உப்பு படியும்? போன வருஷம் முதல் உப்பு எந்தக் கிழமை எடுத்தீங்க?" என்று குறிப்பேட்டைத் திறந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் தன் வாய்ச்சொல்லை எழுதிக்கொள்கிறான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஆறு பக்கம் எழுதினேன். எனக்குப் பின்னால் சாக்குகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. அவர் போன பிறகு ஒருத்தி சொன்னாள்: "மலேசியா சாரு பரவால்ல. நல்லாவே கேடி."

இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் கேடித்தனத்தால் காய்ச்சல் தீராது. பவானியிடம் போய், மல்லிகாவுக்கு மலேரியாதான் என்று அடித்துச் சொன்னேன். "டெஸ்ட் நெகட்டிவ் மாமா. டெஸ்ட் பாக்காம மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லிட்டு, நானே ஒங்க டைரியப் பாத்து மாத்திரை குடுக்கவா?" என்றாள். நியாயம்தான். எனவே எதற்காக வந்தேனோ அந்த வேலையைத் தொடங்கினேன். பதிவேட்டைத் திறந்து மல்லிகாவின் வரிசையைத் தேடினேன்.

பெயர், வயது, நாள், எந்த விரலில் குத்தியது, முடிவு, கடைசியில் இடது பெருவிரல் ரேகை. ரேகை கோலம் போட்டதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது. ரேஷன் கடை இயந்திரம் இதைப் பார்த்தால் சந்தோஷத்தில் இரண்டு மாத அரிசியைச் சேர்த்துக் கொடுத்துவிடும்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பெருவிரலின் நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. அடுத்த பக்கம் திருப்பினேன். வேறு பெயர், வேறு வயது, அதே தழும்பு. மொத்தம் பதினோரு பெண்களுக்கு ஒரே பெருவிரலில் ஒரே இடத்தில் ஒரே காயம்.

"ஸ்டீபன், இந்தப் பதினோரு பேரும் ஒரே ஆள் மாதிரி ஒங்களுக்குத் தோணலையா?"

ஸ்டீபன் வெகுநேரம் பார்த்தார். "நான் மொகத்தப் பாக்கறதில்ல சார். வெரல மட்டும்தான் பாப்பேன். சட்ட கூட வேற வேறயா இருந்துச்சே" என்றார் பரிதாபமாக.

மல்லிகாவின் தெருவில் விசாரித்ததில், அந்தத் தழும்பு விரலின் சொந்தக்காரி சாயங்காலம் 5.15க்கு அகப்பட்டாள். மல்லிகாவின் நாத்தனார் சரளா. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள். உப்பளத்தில் கால் வைக்காதவள். நாங்கள் போனபோது ஒரு ஆம்பளைச் சட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஏழெட்டுச் சட்டைகள், அளவு குறைத்துப் பிடித்துத் தரச் சொல்லி வந்தவை. வாடிக்கையாளர் சட்டையை ஒவ்வொன்றாகப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, பதினோரு பெண்களாக ஸ்டீபன் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். தையல்காரி விரலில் ஊசிக் குத்து இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

பவானிக்கு முகம் சிவந்துவிட்டது. "இது ஏமாத்து வேல இல்லையா?"

"யார ஏமாத்தினேன்? கூப்பன் எனக்கு, சீட்டு அவங்களுக்கு. வெரலு வாடகைக்கு விட்டேன், அவ்ளோதான்" என்றாள் சரளா. அப்புறம் பெருமையாக, "என் ரெத்தம் சுத்தம் மேடம். பதினோரு தடவ பாத்தாச்சி" என்றும் சொன்னாள்.

"நூறு ரூபாய் சும்மா தர்றோமே, அதை விட்டுட்டு அவங்க ஏன் வரமாட்டேங்கறாங்க?"

சரளா பவானியைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "மொத வாரம் குத்திக்கினாங்களே, அதோட போதும்னுட்டாங்க. குத்தின வெரல உப்புத் தண்ணியில வெச்சிப் பாருங்க. வெச்சிட்டு, மத்தியானம் வரைக்கும் எடுக்காம இருங்க. அப்பால நூறு ரூபா பத்தி பேசலாம்."

எத்தனை திட்டக் குறிப்புகள், எத்தனை கூட்டங்கள், எந்த விரலில் குத்துவது என்று படம் போட்ட கையேடு! அந்த விரல் மறுநாள் காலை எங்கே போகும் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. காய்ச்சல் மாத்திரைக்குச் சீட்டு வேண்டும் என்று பாய் கண்டிப்பாக இருந்தார். சீட்டுக்கு ரத்தம் வேண்டும். ரத்தத்துக்கு உப்பில் படாத ஒரு விரல் வேண்டும். காசைக் காட்டிப் பவானி உண்டாக்கிய பழக்கம் பரிசோதனை அல்ல, இந்த வாடகைத் தொழில்தான்.

"உங்க அண்ணிக்கு மலேரியான்னா என்ன ஆகும் தெரியுமா? நீ வாங்கிக் குடுத்த நெகட்டிவ் சீட்டை வெச்சிதான் பாய் வெறும் சூடு தணிக்கிற மாத்திரையா குடுத்துட்டிருக்காரு" என்றாள் பவானி மெதுவாக.

சரளாவின் கை மெஷின் சக்கரத்தில் நின்றது. முதல் முறையாக அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "அண்ணிக்கா? பித்தம்னுதானே சொல்லிச்சி."

வெள்ளிக்கிழமை காலை 8.40. பவானி, ஸ்டீபன், நான் மூவரும் உப்பளத்தில். சரளாவும் வந்திருந்தாள், சொந்தச் சேலையில். மேஸ்திரி பத்து மணிக்குத்தான் வருவார். பவானி பெண்களைக் கூட்டி, கூப்பனை இருநூறு ஆக்குகிறேன் என்றாள்.

"எரநூறு குடுத்தா எரியாதா மேடம்?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"கையுறை?"

"உள்ள தண்ணி பூந்துடும். கட்டையும் வழுக்கும்."

"குதிகால்ல எடுக்கலாம்" என்றார் ஸ்டீபன், யோசனையாக.

"காலு எங்க இருக்குதுன்னு பாத்துப் பேசுப்பா" என்றாள் இன்னொருத்தி. அத்தனை கால்களும் கணுக்கால் மேல் வரை உப்புத் தண்ணீரில்.

மல்லிகா இதற்குள் பொறுமை இழந்திருந்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சலில்லாத நாள், வேலை கெடுகிறது. முகத்துத் துணியை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "காதுல குத்துங்களேன். காத வெச்சா உப்பு வார்றோம்?"

நான் பவானியைப் பார்த்தேன். பவானி ஸ்டீபனைப் பார்த்தாள். ஸ்டீபன் தன் காதையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எடுக்கலாம்" என்றாள் பவானி கடைசியில். "காது மடல்ல தாராளமா எடுக்கலாம். காலேஜ்ல படிச்சதுதான். நான் எப்படி மறந்தேன்?"

"மேடம், பதிவேட்டுல வெரலுக்குத்தான் கட்டம் இருக்குது. காதுக்குக் கட்டம் இல்ல" என்றார் ஸ்டீபன்.

அந்த வாரத்தில் நான் செய்த ஒரே உபயோகமான காரியம் இதுதான். பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் காதுக்கு ஒரு கட்டம் போட்டேன்.

மல்லிகா கம்மலைக் கழற்றிச் சரளாவிடம் கொடுத்தாள். ஸ்டீபன் முதல் தடவையாக ஒரு பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வேறு வழியில்லை, காது அங்கேதான் இருந்தது. ஒரு குத்து, ஒரு சொட்டு. பரிசோதனை அட்டையை வரப்பின்மேல் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். 9.07க்கு அட்டையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கோடு.

"பாசிட்டிவ்!" என்று கத்திய ஸ்டீபன் மல்லிகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்குக் காய்ச்சல்னு இவ்ளோ சந்தோஷமா ஒனக்கு?" என்றாள் அவள் கையை உருவிக்கொண்டு.

பவானி விளக்கினாள். மூன்று நாள் ஒரு மாத்திரை, பதினான்கு நாள் இன்னொரு மாத்திரை. காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் ஈரலுக்குள் ஒளிந்துகொண்டு சில மாதம் கழித்து மறுபடி வரும். "பதினாலு நாளா? நாலாம் நாளே மறந்துடும் இது" என்றாள் சரளா. தினமும் தானே எதிரில் நின்று விழுங்கவைப்பதாகச் சொன்னாள். அதற்குக் கூப்பன் உண்டா என்று கேட்டுவிட்டு, எல்லாரும் பார்த்த பார்வையில், "சும்மா கேட்டேன்" என்றாள். தொழில் போன வருத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டு வாய் சோறு சாப்பிடவைத்து, அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்தோம். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக முகத்துத் துணியை விலக்கிக் காதை நீட்டத் தொடங்கினார்கள். கட்டங்கள் போதவில்லை, எனக்கு வேலை கிடைத்தது. வேறு யாருக்கும் இரண்டாம் கோடு வரவில்லை.

மத்தியானம் சுலைமான் பாய் தொழுகை முடிந்து வந்து எங்களுக்கு பிரியாணி போட்டார். எங்கள் ஊர் நாசி பிரியாணியில் பாதாமும் திராட்சையும் இருக்கும்; இங்கே கறியும் மிளகாயும் மட்டும், வேறு அலங்காரமில்லை. விஷயத்தைக் கேட்டு மனிதர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "யா அல்லா, அந்தப் பொண்ணுக்கு நாலு தடவ வெறும் சூட்டு மாத்தர குடுத்தேன். சீட்டு சரியா இருந்துதே" என்றார். பிறகு, "சீட்டத்தான் பாத்தேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஸ்டீபன் ஒரு கறித்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

சனிக்கிழமை நான் கிளம்பும் நாள். மத்தியானம் வண்டி. ஆனால் 9.50க்கு உப்பளத்தில் இருந்தேன். கணக்குப்படி அன்றும் அவளுக்குக் காய்ச்சல் வரவேண்டும். ஒரே நாள் மாத்திரையில் அடங்கலாம், அடங்காமலும் போகலாம், சொல்ல முடியாது என்றிருந்தாள் பவானி. மேஸ்திரியும் சீக்கிரமே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் நின்று, "இன்னும் இன்னா சார் எழுதணும்?" என்று தொண்டையைச் செருமினார். இன்று அவர் நகரமாட்டார் என்று தெரிந்தது. சாக்கு மூட்டைத் தந்திரம் இன்னொரு தடவை பலிக்காது. மல்லிகாவின் இடத்தில் போட ஒரு பெண்ணும் வரப்பின்மேல் குந்தியிருந்தாள். அவரே வரச்சொன்னாராம்.

10.20. மல்லிகா வாரிக்கொண்டிருந்தாள். 10.30. அவளுடைய ஜோடி கண்ணை அவள்மேலேயே வைத்துக்கொண்டு வாரினாள். 10.35க்கு மல்லிகா நின்றாள். பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் பாத்தியில் இருந்த எல்லாப் பலகைகளும் நின்றன. குந்தியிருந்த பெண் எழுந்து சேலையை உதறினாள். மேஸ்திரி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

மல்லிகா மூக்கைச் சொறிந்துவிட்டுக் குனிந்தாள்.

10.45. 10.50. நான் அவளுக்கு நெருக்கமாகவே போய் நின்றுவிட்டேன், நடுக்கம் தொடங்கினால் முதலில் கையில்தான் தெரியும் என்பதற்காக. கடிகாரத்தைப் பார்ப்பது, கையைப் பார்ப்பது, மறுபடி கடிகாரம். 11.02க்கு மேஸ்திரி அந்தப் புதிய பெண்ணிடம், "நீ போய் அடுத்த பாத்தியப் பாரு" என்றார். எங்கிருந்தோ ஒருத்தி சீட்டியடித்தாள். யார் என்று துணிகளுக்குள் தெரியவில்லை.

மல்லிகா பலகையைத் தள்ளிக்கொண்டு என் காலடி வரை வந்து நின்றாள்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார். ஒங்க நெழலு பாத்தி மேல விழுது, உப்பு காய வாணாமா?"